பக்கெட்டுக்குக் கீழே யார் நிற்பது

பொக்லைனைப் பார்த்ததுமே மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம் வந்தது. இரும்புக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தால் போகட்டும் என்று விடலாம். ரப்பர் குழாய்க்கு, கிரீஸ் விடும் முனைக்கு, இடுக்கில் செத்துக் கிடந்த பல்லிக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். பல்லி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

விற்பவர் மதிப்பீட்டாளருடைய மனைவியின் அண்ணன். வாங்குபவர் ஒரு மண் ஒப்பந்தக்காரர். கூடவே ஒப்பந்தக்காரரின் தம்பி, வண்டியை ஓட்டப்போகிறவன். பேங்க் கடன் கொடுப்பதற்கு முன், இந்தப் பழைய வண்டி இன்றைய சந்தையில் என்ன பெறும் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவர் என் மச்சான், வேறு ஆளை அனுப்புங்கள் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் வண்டியை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்குமே என்று பேங்க் மேனேஜர் மகிழ்ந்துபோனார்.

மேலே ஏறிப் பார்த்தார். வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர், ஏதோ பேருக்கு ஓடிய வண்டி என்றது. சீட் புதிது. பெடல் ரப்பர் புதிது. லீவர் குமிழ் புதிது. பேருக்கு ஓடிய வண்டியில் பெடல் ரப்பரை எதற்கு மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மீட்டரைத் திருப்பி வைத்ததோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பேராவது ஏமாந்திருப்பார்கள். மச்சானுக்கு எதிலும் தாராள மனசு.

பாவம் பார்த்து ஒப்பந்தக்காரரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேங்க்கிடம் பெரிய விலை காட்டிக் கடன், மச்சானுக்குச் சின்ன விலை, மிச்சத்தில் ஆளுக்குப் பாதி.

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டனா சார்?" என்றார்.

நியாயமான சந்தை மதிப்பு என்பது, வாங்குபவரும் விற்பவரும் விவரம் முழுக்கத் தெரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மனமொத்துப் பேசி முடிக்கும் விலை என்று படித்திருந்தார். இவ்வளவு விவரம் தெரிந்த, இவ்வளவு மனமொத்த ஜோடியை அவர் தொழிலில் கண்டதில்லை. வற்புறுத்தலுக்கு ஆளானது அவர் ஒருவர்தான்.

கடைசிச் சோதனை பாக்கி. தம்பி வண்டியின் கையைப் பக்கெட்டோடு உயரத் தூக்கி எஞ்சினை நிறுத்தினான். உள்ளே எண்ணெய் கசியாவிட்டால் கை அப்படியே நிற்கும். இது, வயிறு முட்டத் தின்றவன் தலை போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

மச்சான் வானத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அதுக்குக் கீழ போய் நில்லுங்க மச்சான். கேட்ட விலைக்கே கையெழுத்துப் போடுறேன்" என்றார் மதிப்பீட்டாளர்.

மச்சான், சட்டையில் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும் என்றார். ஒப்பந்தக்காரருக்குத் திடீரென்று போனில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. நின்றால்தான் கையெழுத்து என்று புரிந்துகொண்ட தம்பி, சமர்த்தாக இறங்கிப் பக்கெட்டை நோக்கி நடந்தான்.

ஒப்பந்தக்காரர் பாய்ந்து காலரைப் பிடித்து இழுத்தார். "அறிவு இருக்காடா? அது எப்ப விழும்னே தெரியாது."

இதே தம்பிதான் நாளைக்குச் சரிவில் அந்த வண்டிக்குள் உட்காரப் போகிறவன். மதிப்பீட்டாளர் படிவத்தை எடுத்தார். ஓட்டத் தகுதியில்லை, எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேங்க்குக்கு அங்கிருந்தே அனுப்பினார்.

என் தங்கச்சி உங்களோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ, இனி எந்த விசேஷத்துக்கும் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று மச்சான் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த நல்ல செய்தி.

தம்பி மட்டும் கேட் வரை பின்னாலேயே வந்தான். நன்றி சொல்லப் போகிறானாக்கும் என்று இவர் நின்றார்.

"உங்களுக்கென்ன சார், எழுதிட்டுப் போயிடுவீங்க. எனக்கு வந்த வேலை போச்சு."

சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். வண்டியைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று மதிப்பீட்டாளர் திரும்பிப் பார்க்கவில்லை.