நாற்பது பெட்டியில் ஒரு முடிச்சு

மகாராணி என்னிடம் அதைக் கேட்டபோது மதியம் ஒன்று இருபது. சாப்பிட்டுவிட்டு வந்து அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் ராசிங்காபுரத்திலிருந்து பதினோரு வருடமாக எங்கள் பேக்கிங் அறைக்கு வேலைக்கு வருகிறவள். தேவையில்லாமல் வாய் திறக்கமாட்டாள்.

"ஐயா, காலையில பெட்டிக்குள்ள சாமி முடிச்சு வச்சீகளே, அதுல சூடம் இருந்துச்சா?"

"சூடம் இல்லாம சாமி முடிச்சு ஏது?"

"இல்லங்கய்யா, சூடம் ஏரோப்ளேன்ல போகக்கூடாதுன்னு பொற்கொடியக்கா வகுப்புல சொன்னாக. அதான் கேட்டேன்."

"நீ உன் சோலியப் பாரு" என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் எழுந்து பேக்கிங் அறை வாசலுக்குப் போனேன். விமானத்தில் ஏற்றக்கூடாத பொருள்களின் பட்டியல் அங்கே படங்களோடு தொங்குகிறது. தீப்பெட்டி, லைட்டர், பேட்டரி, பெயின்ட். அதற்குக் கீழ் வரிசையில் வெள்ளைக் கட்டிகள் ஒரு தட்டில். சூடம். அந்தப் பட்டியலை ஆணியடித்து மாட்டியதே நான்தான்.

வருடத்தின் முதல் எடுப்பில் வரும் ஏலக்காயை நாங்கள் தலைக்காய் என்போம். போடிமெட்டுச் சரிவில் எங்கள் தோட்டத்துத் தலைக்காய் வெளியே போகும்போது, மஞ்சள் துணியில் ஒரு கட்டி சூடமும் குலசாமி திருநீறும் முடிந்து முதல் மூட்டையில் வைப்பது வழக்கம். வீட்டுக்கு மூத்தவன் கையால் வைக்க வேண்டும். என் அப்பா வைத்தார். முப்பத்தோரு வருடமாக நான் வைக்கிறேன். ஏலத்துக்குப் போன காலத்தில் அதனால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. சரக்கை எடுக்கிற வியாபாரி முடிச்சைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுக்கொள்வார். இந்த வருடம்தான் எங்கள் தலைக்காய் முதன்முதலாக விமானத்தில் போகிறது.

காலை ஏழு மணிக்கு முடிச்சை வைத்தேன். ஏழரைக்கு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். 'இந்தப் பெட்டிகளில் ஏலக்காய் தவிர வேறு எந்தப் பொருளும் இல்லை.' சாமிக்கு வைத்ததை நான் ஒரு பொருளாக எண்ணவில்லை. பொய் எழுதுகிறோம் என்று அந்தப் பேனாவைப் பிடித்தபோது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

எங்கள் பெட்டிகளை விமான நிலையத்தில் யாரும் மறுபடி சோதிப்பதில்லை. நம்பி ஏற்றுக்கொண்ட சரக்காளர் என்று எங்களுக்கு அனுமதி இருக்கிறது. என் மருமகள் பொற்கொடி இரண்டு வருடம் அலைந்து வாங்கியது. கேமரா வைத்தாள், வேலையாட்களுக்கு வகுப்பு எடுத்தாள், அறைக்குள் யார் வந்து போனாலும் நேரம் எழுதவைத்தாள். போடியில் அது இருப்பது எங்கள் ஒரு வீட்டுக்குத்தான். இங்கே நாங்கள் ஒட்டுகிற டேப்பை இனித் துபாயில்தான் பிரிப்பார்கள். பெட்டிகள் ஏறுவதும் சரக்கு விமானத்தில் இல்லை, பயணிகள் விமானத்தின் அடியில். மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

விமானம் மூன்று ஐம்பதுக்கு. வேனை மதுரைக்கு ஓட்டிப் போயிருந்தவன் என் தம்பி மகன் அருள்பாண்டி.

அவனைக் கூப்பிட எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. காரணம் இருந்தது. போன மாதம்வரை பேக்கிங் அறைக்கு அவன்தான் பொறுப்பு. ஒருநாள் சட்டைப் பையில் லைட்டரோடு உள்ளே நின்றான். நான் பார்த்துவிட்டேன். பதினான்கு பேர் முன்னால் அவனை வெளியே நிறுத்தி, நம் வீட்டுப் பேர் இந்த அறைக்குள்தான் இருக்கிறது, அதைக் காக்கத் தெரியாதவன் வேன் ஓட்டட்டும் என்று சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டான்.

"சொல்லுங்க பெரியப்பா."

"எங்க இருக்க?"

"ஏர்போர்ட்டுப் பக்கம், பெருங்குடியில. சரக்க ஒப்படைச்சிட்டுச் சாப்பிடுறேன்."

"முதல் பெட்டியில சாமி முடிச்சு இருக்கு. சூடத்தோட."

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு, மூச்சில் தெரிந்தது.

"என் லைட்டரு சட்டைப் பையத் தாண்டல பெரியப்பா."

"தெரியும். இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு."

"சரக்கு ஷெட்டுல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான். லேபிள் தப்புன்னு சொல்லி ஒண்ணாம் நம்பர் பெட்டிய மட்டும் வெளிய எடுத்துத் தரச் சொல்றேன். முடிச்ச எடுத்துட்டு, டேப்ப ஒட்டி உள்ள வச்சிரலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்."

இதை நான் மறைக்கப்போவதில்லை. "செய்" என்றேன். "வெரசா செய்" என்றும் சொன்னேன்.

போனை வைத்தபோது மனசு கொஞ்சம் ஆறியது. வாசலில் மகாராணி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"ஐயா, முதல் பெட்டின்னு சொன்னீகளா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்க வச்சிட்டுப் போன பெறகு கீழ அட்டை கிழிஞ்சிருச்சுன்னு நாலஞ்சு பெட்டிய மாத்திக் கட்டுனோம். நம்பர் பூராத்தையும் கடைசியிலதான் ஒட்டுனோம். முடிச்சு எந்தப் பெட்டியில போச்சுன்னு எனக்கே தெரியாதுங்கய்யா."

"மாத்துறப்ப முடிச்சப் பாத்தியா?"

"பாத்தேன். சாமி முடிச்சு, கை படக்கூடாதுன்னு காயோட காயா அப்படியே சாய்ச்சிட்டேன்."

மணி ஒன்று ஐம்பத்தைந்து. அருள்பாண்டி அழைத்தான். ஷெட்டுக்கு வெளியே நின்று மெதுவாகப் பேசினான்.

"பய ரெடி. அஞ்சு நிமிசத்துல ஒண்ணாம் நம்பர் வெளிய வந்துரும்."

"வேணாம். எந்தப் பெட்டின்னு தெரியல. நாப்பதுல எதுல வேணாலும் இருக்கும்."

அவன் வாய்க்குள் ஏதோ சொன்னான். "நாப்பதையும் பிரிக்க எவனாலயும் முடியாது பெரியப்பா. இப்பவே பலகையில அடுக்கி வலை போட்டுக் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. விட்டுருவோமா? சுண்டுவிரல் அளவு சூடம். ஏலக்காய்க்கு நடுவுல கெடக்கு. எவன் வந்து பத்த வைக்கப் போறான்?"

அது எனக்கும் தோன்றியிருந்தது. நாலு மணி நேரப் பயணம். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை ஒன்றும் ஆகாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் மகாராணிக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும். அதைவிட, அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அதை நம்பித்தான் பெட்டியைத் திறக்காமல் அங்கே அடுக்குகிறார்கள்.

"நிறுத்தணும்" என்றேன்.

"நிறுத்துனா அனுமதி போயிரும். கடைவீதியில கைகொட்டிச் சிரிப்பாங்க."

"தெரியும்."

அவனே ஒரு வழி சொன்னான். "அப்ப என் பேரச் சொல்லுங்க. லைட்டர் வச்சிருந்த பயதான், அவன்தான் வச்சான்னு சொல்லுங்க. ஊரே நம்பும். எனக்கு ஏற்கெனவே போன பேரு. இன்னும் போறதுக்கு என்ன இருக்கு?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை வைத்தேன்.

பொற்கொடி தோட்டத்து ஸ்டோரிலிருந்து அப்போதுதான் ஜீப்பில் இறங்கினாள். காய் உலர்த்தும் புகை வாடை அவள் புடவையில் இருந்தது. நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே உள்ள நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசம் மாமா" என்றாள். பிறகு மேசைமேல் கிடந்த சீட்டில் ஒரு எண்ணை எழுதி என் பக்கம் நகர்த்தினாள். "சுஜிதான்னு ஒரு மேடம். அங்க சரக்குப் பாதுகாப்பு அவங்க பொறுப்பு. வெரசாக் கூப்பிடுங்க. மூணு மணிக்கு ஏத்த ஆரம்பிச்சிருவாங்க."

"நீ பேசலாமே."

"கையெழுத்து உங்களுது."

மணி இரண்டு இருபது. முதல் முறை போன் எடுக்கப்படவில்லை. இரண்டாவது முறை வேறு யாரோ எடுத்து, மேடம் ஓடுபாதைப் பக்கம் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது முறை அவரே எடுத்தார். குரலில் பின்னால் இயந்திரச் சத்தம்.

"போடியிலிருந்து காசிமாயன் பேசுறேன். ஏலக்காய், நாப்பது பெட்டி. அத ஏத்தாதீங்க."

"ஏன் சார்?"

"ஒரு பெட்டியில சூடம் இருக்கு. எதுலன்னு தெரியாது."

"எவ்வளவு?"

"ஒரு கட்டி."

அவர் யாரிடமோ திரும்பி, "அந்த பேலட்ட நிறுத்துங்க, ஏத்தாதீங்க" என்பது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார். குரல் மாறியிருந்தது.

"யார் வச்சது சார்? வேலையாளா?"

பொற்கொடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். ஆமாம், கவனிக்காத ஒரு பையன் என்று சொன்னால், அவர்களும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். அனுமதி போனாலும் பேர் நிற்கும். அறுபத்தெட்டு வயதுவரை இந்த ஊரில் என் சொல்லை யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

"நான் வச்சேன்" என்றேன்.

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். அது தப்புன்னு தெரியாம."

"கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

உடனே புறப்பட்டு வரச் சொன்னார். ஐந்து மணிக்கு முன்பே நானும் பொற்கொடியும் மதுரையில் இருந்தோம். விமானம் எங்கள் சரக்கில்லாமல் இருபது நிமிடம் பிந்திப் போயிருந்தது. ஒரு தகரக் கொட்டகையில் பெட்டிகளை வரிசையாக வைத்து, அருள்பாண்டி கத்தியால் டேப்பைக் கிழித்துக் கொடுக்க, இரண்டு பேர் காயைக் கொட்டிப் பார்த்தார்கள். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தரக் காய், பச்சை மாறாதது. தரையில் விரித்த தார்ப்பாயில் அது குவிந்ததை நான் நின்றே பார்த்தேன். நாற்காலி கொடுத்தார்கள். உட்காரவில்லை. இருபத்தாறாவது பெட்டியில் மஞ்சள் துணி வந்தது.

சுஜிதா என்ற அந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தட்டச்சு செய்த அறிக்கையை நீட்டினார். 'பணியாளரின் கவனக்குறைவால்' என்று அதில் ஒரு வரி இருந்தது.

"இத மாத்தணும்மா."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுவோம். உங்களுக்கும் அது நல்லதுதான்."

"உரிமையாளர்னு போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பொற்கொடியைப் பார்த்தார். பேனாவால் அடித்து மேலே எழுதினார். அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது, விசாரணை நடக்கும் என்று வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். தான் இருந்து சரக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டு காலையில் வருவதாகப் பொற்கொடி சொன்னாள்.

திரும்பும்போது அருள்பாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உசிலம்பட்டி தாண்டும்போது என் போன் அடித்தது. ராஜாராம். கடைவீதியில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு எதிர்க்கடைக்காரர், இருபது வருடப் போட்டியாளர். எனக்குக் கண்ணாடி இல்லாமல் பொத்தான் தெரியவில்லை. அருள்பாண்டி ஒரு கையால் அழுத்தினான். வண்டி முழுக்கக் கேட்டது.

"என்னண்ணே, சரக்கு நின்னு போச்சாமே. தம்பி மகன் மறுபடியும் வேலையக் காட்டிட்டானாம்ல? கடைவீதி பூரா அதான் பேச்சு."

அருள்பாண்டி சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

"அவன் இல்ல. நான்தான் சூடத்த வச்சேன்."

"அட, விடுங்கண்ணே. பிள்ளையக் காப்பாத்தணும்னு நெனைக்கிறீக. உங்களத் தெரியாதா எங்களுக்கு? காசிமாயன் பொய்க்குக் கையெழுத்துப் போட்டார்னா எவன் நம்புவான்?"

"கடையில இருக்கியா?"

"எட்டு மணி வரைக்கும் இருப்பேன். ஏன்?"

"வர்றேன். இன்னும் நாலு பேரக் கூப்பிட்டு வச்சுக்க."

போனை அணைத்தேன். தேனி தாண்டியதும் மலை கறுப்பாகத் தெரிந்தது. போடிக்குள் நுழைந்தபோது அருள்பாண்டி வழக்கம்போல் வீட்டுத் தெருவுக்குத் திருப்ப வண்டியை மெதுவாக்கினான்.

"கடைவீதிக்கு விடு" என்றேன். "நீயும் இறங்கி என் பக்கத்துல நிக்கணும்."