வெகுநாள் காத்திருந்த வீட்டுக்கு வந்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறொரு கதையில் எழுபது வயதுத் தையல்காரி ஒருத்தி பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் குழந்தைப் பெயர்களுக்கான ஓர் இணையதளத்துக்குள் நுழைந்தேன். ‘மீண்டும் வரும் பழைய பெண் பெயர்கள்’ என்றொரு பட்டியல். ஏழாவது இடத்தில் இருந்த பெயருக்குப் பொருள், ‘வெகுநாள் காத்திருந்த வீட்டுக்கு வந்தவள்’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோடு, மாடிப்படி மாதிரி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பெயரை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதற்கான வரைபடமாம்.

எனக்கு இடித்தது. அவ்வளவு சின்னப் பெயருக்குள் இவ்வளவு பெரிய வாக்கியம் எப்படி நுழைந்தது? ஆதாரம் கேட்டு எழுதிப் போட்டேன். மூன்று நாள் கழித்து பதில் வந்தது: “ஆதாரம் நான்தான். தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.”

கதை எழுதுகிற ஆளிடம் வந்து இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நீங்களே சாட்சி. (பயப்படாதீர்கள், பிறகு அனுமதி வாங்கிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பெயரைப் போடக் கூடாது. போட்டால் நீங்கள் தேடுவீர்கள். தேடினால் கோடு இன்னும் ஏறும்.)

2

முதல் தொடக்கம்: ‘சாயங்காலம் நாலு மணிக்கு அவள் ஒரு பொய்யை எழுதினாள்.’ அடித்துவிட்டேன். அடுத்த வரியில் பிணம் விழும் என்று எதிர்பார்ப்பீர்கள்.

இரண்டாவது: ‘பெயர் என்பது மனிதனுக்குக் கிடைக்கும் முதல்’

இதை முடிக்கக்கூட இல்லை. பரிசளிப்பு விழா வாடை அடித்தது.

மூன்றாவது: ‘அவளை வீட்டில் எல்லோரும் போனஸ் என்று கூப்பிட்டார்கள்.’ இது இருக்கட்டும்.

3

அவளை வீட்டில் எல்லோரும் போனஸ் என்று கூப்பிட்டார்கள். அண்ணன் பிறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, இனி ஒன்றும் இல்லை என்று தொட்டிலைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்த பிறகு பிறந்தவள். “நாங்க கேக்கவே இல்ல, தானா வந்துச்சு” என்று மாமா ஒருவர் சொல்லிச் சிரிக்க, போனஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பதிவேட்டில் இருந்த பெயரோ அரதப் பழசு. பள்ளியில் வருகை எடுக்கும்போது மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அண்ணன் அதை ராகம் போட்டுத் தெரு முழுக்கப் பாடியிருக்கிறான். ஒருநாள் அப்பாவிடம் போய் அழுகையோடு கேட்டாள், “இதுக்கு என்னப்பா அர்த்தம்?”

“பேருக்கு எதுக்கும்மா அர்த்தம்? கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தான் பேரு” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.*

* அப்பாவுக்கு இந்தக் கதையில் இவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்து அவள் போய்ச் சேர்ந்த வேலை, நம்ப மாட்டீர்கள், பெயர்களுக்கு அர்த்தம் எழுதுகிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பெயர். மேலாளர் அம்மாவின் ஒரே சட்டம்: அர்த்தம் என்ற பெட்டி காலியாக இருக்கக் கூடாது.

“தெரியலன்னு போட்டா அம்மா அப்பா எல்லாம் அடுத்த சைட்டுக்கு ஓடிடுவாங்க. நல்லதா ஏதாவது போடு. பேருதானே, யார் கேக்கப் போறா?”

(இந்த மேலாளரை வில்லியாக்கப் பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை. ஊழியருக்குக் காய்ச்சல் என்றால் கையோடு மாத்திரை வாங்கி வந்து கொடுக்கிறவர். வில்லி இல்லாமலே ஓட்டவேண்டியதுதான்.)

‘ஒளி’, ‘அன்பு’, ‘ஒளி’, ‘மலர்’, மறுபடி ‘ஒளி’ என்று அவள் அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு, பட்டியலில் முப்பத்தெட்டாவதாக அவளுடைய பெயரே வந்து நின்றது. பெட்டி காலி. கை தானாக ‘ஒளி’ என்று அடித்தது. அழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் அடித்தாள்: ‘வெகுநாள் காத்திருந்த வீட்டுக்கு வந்தவள்.’

அடித்ததும் கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிவிட்டு முப்பத்தொன்பதாவது பெயருக்குப் போனாள்.

4

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்தாள். நூறு நாள், நூறு பார்வை. இயந்திரத்துக்குப் பார்வைதான் தெரியும், பார்க்கிற ஆளையா தெரியும்? ‘மீண்டும் வரும் பெயர்கள்’ பட்டியலில் அதுவே தூக்கி ஏழாவதாகப் போட்டது. பட்டியலைப் பார்த்து நிஜமான அம்மாக்கள் வந்தார்கள். மற்ற சைட்டுகள் காப்பியடித்தன. கோடு கிடுகிடுவென ஏறியது.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்கும் அண்ணிக்கும், ஒன்பது வருட ஊசி மருந்துக்கும் ஆஸ்பத்திரி அலைச்சலுக்கும் பிறகு, பெண் குழந்தை பிறந்தது.

பத்தொன்பதாம் நாள். அண்ணன் வீட்டின் இரண்டாவது மாடி பால்கனியில் அவள் குழந்தைத் துணிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி தோளில் குழந்தையோடு வந்து நின்றார்.

“போனஸ், நீ சரியான அழுத்தக்காரி. உன் பேருக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு ஒரு நாளாவது சொன்னியா?”

அவள் கையில் இருந்த கிளிப் கீழே விழுந்தது.

“பதினாலு சைட்ல பாத்துட்டேன். எல்லாத்துலயும் அதே அர்த்தம்தான் போட்டிருக்கு. படிச்சதும் அழுகையே வந்துடுச்சு. இவளுக்குன்னே யாரோ எழுதி வெச்ச மாதிரி இருக்கு. உன் பேரையே வெச்சிடலாம்னு நானும் உங்கண்ணனும் முடிவு பண்ணிட்டோம். நாளைக்கு ஃபாரம் குடுக்கணும்.”

 (பதினாலு சைட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரிஜினல் எங்கே என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.)

உள்ளேயிருந்து அண்ணன், அதே தெருப்பாடகன், “நல்ல பேருதான்” என்று குரல் கொடுத்துவிட்டு, படிவத்துக்கு நகல் எடுக்கக் கிளம்பிப் போனான்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவள் பெயரை ஆசைப்பட்டுக் கேட்கிறார். வாயைத் திறந்தால் அது போச்சு. திறக்காவிட்டால், ஒன்பது வருடம் காத்திருந்தவர் தன் குழந்தையை ஒரு வியாழக்கிழமைப் பொய்யைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

5

இங்கே நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கைவசம் இருந்த முடிவுகள்:

அவள் சொல்லவில்லை. பெயர் வைத்தாகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். (எனக்குத் தூக்கம் வரவில்லை.)

சொன்னாள், அண்ணி கோபத்தில் படிவத்தைக் கிழித்து (அண்ணன் இப்போதுதான் நகல் எடுக்கப் போயிருக்கிறான், கிழிக்க எங்கே இருக்கிறது?)

கடைசியில் வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், “நிஜமா என்னதான் ஆச்சு?” அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

6

“அண்ணி, அது நிஜ அர்த்தம் இல்ல. நான் எழுதினது.”

“எதை?”

“அந்த வரியை. ஆபீஸ்ல. நானா இட்டுக்கட்டி எழுதினேன். மத்த சைட் எல்லாம் அதைப் பாத்து எழுதினது. நிஜ அர்த்தம் எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.”

அண்ணி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். குழந்தை சிணுங்கியது. மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

“எத்தனையோ நல்ல அர்த்தம் இருக்கே. ஏன் இதை எழுதின?”

அவள் வாளியில் கிடந்த ஈரத் துணியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எனக்காக யாராவது காத்திருந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு தோணுச்சு அண்ணி. அவ்வளவுதான்.”

அண்ணி குழந்தையோடு உள்ளே போய்விட்டார். அவள் மிச்சமிருந்த துணிகளை, காய வேண்டியதையும் காய்ந்ததையும் பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் கொடியில் போட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது. போனஸ் என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ராகம் இல்லை, கேலி இல்லை. ஒரு தடவை, தெளிவாக.

பத்தொன்பது நாள் குழந்தைக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

7

அண்ணி குழந்தைக்கு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாரா, இல்லை அவளைத்தான் கூப்பிட்டாரா? கேட்டேன்.

“தெரியல. இதோ வரேன் அண்ணின்னு சொல்லிட்டேன்” என்றாள். அதற்குமேல் நான் துருவவில்லை.

படிவம் மேசைமேல் இருக்கிறது, பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது. ‘பெயர்’ என்ற பெட்டியை நான் காலியாகவே விடுகிறேன். மேலாளர் அம்மா மன்னிக்கட்டும். என்ன எழுதுவது என்பது உங்கள் பாடு. எழுதியதும் ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது திரும்பிப் பார்த்தால், அவர்களிடம் ‘உனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லுங்கள்.