ஸ்டிக்கர் இல்லாத பருத்திப்பால்

“நான் ஒட்டத்தான் செய்வேன்னு சொல்லுதேன்லா…”

“ஒட்டுங்க. வண்டிய நீங்களே தள்ளிக்கிட்டுப் போங்க.”

“என்னப் பேச விடுதியாட்டி?”

“இருவது வருசமா அதத்தான விட்டுக்கிட்டு இருக்கேன்.”

கனகலட்சுமி அடுப்பைத் தணித்தாள். அண்டாவில் பருத்திப்பால் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. கீழே உட்கார்ந்து பேப்பர் கப்புகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர் பிச்சையா. ‘மரபணு மாற்றம் இல்லாதது.’

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறவர்கள் இருவரும். இன்று பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்னால் தர்ணா. மரபணு மாற்றிய உணவு எதுவானாலும் அதன் உறைமேல் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று இயற்கை விவசாயச் சங்கத்தார் கேட்கப் போகிறார்கள். பேசப் போவது பிச்சையா. கூட்டத்துக்கு அவர் பாலையே கொடுக்கலாம் என்று சொல்லி ஸ்டிக்கரும் அடித்துத் தந்தவர் சங்கத் தலைவர் ஆறுமுகச்சாமி.

ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் கனகலட்சுமி, வண்டிக்குப் பருத்திக்கொட்டை கொண்டுவந்து போடுகிற யாகூப் பாய்க்குப் போன் செய்தாள். தான் வாங்கிப் போடுகிற குருவிகுளத்துக் கொட்டை பூராவும் பத்துப் பதினைந்து வருசமாக மரபணு மாற்றின பி.டி. பருத்திதான், யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை என்றாராம் பாய்.

பிச்சையா நம்பவில்லை. குருவிகுளம் மானாவாரிப் பூமி. மழையைப் பார்த்து விதைக்கிறவன் நாட்டுப் பருத்திதான் போடுவான் என்பது அவர் கணக்கு. வண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறார். மூன்று கூட்டங்களில் மைக்கிலும் சொல்லியாயிற்று.

கடைசியில் அவரே குருவிகுளத்தில் பருத்தி போடுகிற சம்சாரி ஒருவருக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பேசி முடித்துத் திரும்பி வந்தார். அவர் உட்கார்ந்து, ஒட்டினதை உரிக்கத் தொடங்கினார். கப்பும் சேர்ந்து கிழிந்தது. அவள் புதுக் கப்புக் கட்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

“கூட்டத்துக்கு வரலன்னு சொல்லிருதேன்.”

“அண்டா நிறைய பால் கெடக்கு.”

“ஒட்டாமக் குடுக்கவா?”

“இத்தன நாளும் அப்படித்தான குடுத்தோம்.”

“திங்கிறவனுக்குத் தெரியணும்னு நான்லா பேசணும்.”

“தெரிஞ்சா நாளைக்கு நம்ம வண்டிக்கு எவன் வருவான்?”

அவர் கிழிந்த கப்புகளை ஓரமாகத் தள்ளினார். ஐந்து மணிக்கு எழுந்து ஆட்டின கை, தோள்பட்டை வரைக்கும் வலித்தது அவளுக்கு.

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஆறுமுகச்சாமி உள்ளே வந்து, கேட்காமலே ஒரு கப் மொண்டு குடித்தார். சுக்கு தூக்கலாக இருக்கிறது, நல்லாத்தான் இருக்கிறது என்றார். இரண்டாவது கப்பைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் எங்க வே?”

பிச்சையா பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“அண்ணாச்சி கேக்காவல்லா. சொல்லுங்க.”