பனி ஏரிக்கு டூட்டி

உடையப்பனுக்குப் பரிசு விழுந்த செய்தி அரபு நாட்டு முசஃபாவில் இரும்பு யார்டு முழுக்கப் பரவிய பிறகுதான் அவர் காதுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கிரேன் ஓட்டுகிற லுக்மான் மூச்சிரைக்க ஓடி வந்தான். “அண்ணே, சீட்டுல உங்க பேரு வந்திருக்கு, என் பேரும் வந்திருக்கு. ஜார்ஜியா போறோம்!” என்றான். உடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அது எந்த சைட்டுப்பா?” என்று கேட்டார்.

சைட் இல்லை, நாடு. ஒரு வருஷம் முழுக்க யார்டில் ஒரு விபத்துகூட இல்லை என்று மேலே அறிக்கை போயிருந்தது. பெரிய சார் மனம் குளிர்ந்து, சீட்டுக் குலுக்கி மூணு பேரை மலைக்கும் பனிக்கும் அனுப்பச் சொல்லிவிட்டார். கூட்டிப்போகிற பொறுப்பு சேஃப்டி ஆபீசர் விஜயபாஸ்கருக்கு. ஆனால் தங்குகிற கேம்ப்பில் ஆட்கள் வாயைப் பிளந்தது ஓசி டிக்கெட்டுக்காக இல்லை. போய்வருகிற நாட்களை லீவில் கழிக்காமல் டூட்டியாகவே போடுவார்களாம். பனியைப் பார்ப்பதற்கு டூட்டி போட்டுத் தருகிற கம்பெனி உலகத்தில் உண்டா? ரூமில் எல்லாரும் வயிறெரிந்தார்கள்.

இந்த “விபத்து இல்லை” என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் அடிபடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பு தூக்குகிற இடத்தில் அடிபடாமல் இருக்குமா? கை நசுங்கும், நெற்றி கிழியும். தையல் போட்டவனை மறுநாள் காலையில் தனி வண்டி வைத்து அழைத்துவந்து ஆபீஸ் கேபினில் ஏசிக்குக் கீழே உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். ஆள் டூட்டிக்கு வந்தாச்சு, ஒரு நாளும் வீணாகவில்லை, ஆகவே விபத்தும் இல்லை. அப்படி உட்காரக்கூட முடியாதவனுக்கு, “ஊர்ல போய் உடம்பைத் தேத்திக்கப்பா, கூப்பிடறோம்” என்று டிக்கெட் போட்டுக் கொடுப்பார்கள். கூப்பிடவே மாட்டார்கள். விரல் போன பீகார்ப் பையன் ஒருத்தன் இன்னமும் போனைப் பார்த்துக்கொண்டு ஊரில் உட்கார்ந்திருக்கிறான்.

உடையப்பனுக்கு அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். அவர் ரிக்கர். கிரேன் தூக்குகிற இரும்புக்குப் பட்டை மாட்டி, கீழே நின்று கைகாட்டுகிற ஆள். ஓடியாடிச் செய்கிற வேலை. ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு விசா அடிப்பதா வேண்டாமா என்று மேலே பேசிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். அதனால் கொஞ்ச நாளாகவே யாராவது பார்க்கிறபோது படி ஏறினால் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார். ஊரில் மனைவி ராதிகா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

மே மாதக் கடைசியில் மெஸ்தியா என்கிற மலையூரில் போய் இறங்கினார்கள். அங்கே அதுதான் வசந்தகாலம். புல்வெளியெல்லாம் மஞ்சள் பூ. மேலே இரண்டு மூன்று சின்ன ஏரிகள் இருக்கின்றன, இந்தச் சமயத்தில் கரையில் இன்னும் பனி கிடக்கும், நடந்து போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றான் வழிகாட்டி ஜியோர்ஜி. அவனிடம் ஒரு குதிரையும் இருந்தது. சாப்பாட்டுப் பைகளை அது சுமந்தது. எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தவன் காலைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். மூணு பேரும் சேஃப்டி ஷூவில் வந்திருந்தார்கள். மலை ஏறணும், நல்ல ஷூ எடுத்துக்கங்க என்று விஜயபாஸ்கர் சொல்லியிருந்தார். இவர்களிடம் இருந்ததிலேயே நல்ல ஷூ அதுதான்.

அந்த ஷூவின் முனையில் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள், மேலே ஏதும் விழுந்தால் விரல் தப்ப. முசஃபா வெயிலுக்கு அது தோசைக்கல். இங்கே ஐஸ் பெட்டி. பாதித் தூரம் ஏறுவதற்குள் உடையப்பனுக்குக் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சீட்டு விழுந்த மூணாவது ஆள், பெஷாவர்க்கார வெல்டர் அஸ்கர் அலிக்கு இந்தக் குளிரெல்லாம் தூசு. முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார். “யல்லா, யல்லா” என்று குதிரையையும் விரட்டினார்.

ஒரு வளைவில் பாதையை மூடிக்கொண்டு பனி கிடந்தது. மேலே மண் படிந்து அழுக்காக, பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. முன்னால் போனவர்கள் கடந்துவிட்டார்கள். உடையப்பன் கால் வைத்ததும் பொத்தென்று தொடைவரை உள்ளே போனது. கீழே இரண்டு பாறைக்கு நடுவில் பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ‘படக்’கென்று ஒரு சத்தம். அவருக்குக் கேட்டது.

“என்னண்ணே ஆச்சு?” மேலேயிருந்து விஜயபாஸ்கர் கத்தினார்.

“ஒண்ணுமில்ல சார்! பனி எவ்வளவு ஆழம்னு பாத்தேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் வந்த லுக்மான் மட்டும் சிரிக்கவில்லை. கைகொடுத்து இழுத்துவிட்டவன் அவர் முகத்தைப் பார்த்தான். “மைதா மாவு மாதிரி வெளுத்துக் கெடக்கு மூஞ்சி. உண்மையச் சொல்லுங்க.”

“பெரட்டிக்கிச்சு பாய். நடந்தா சரியாயிடும்.”

“ஊன்ற காலைப் பாத்தா அப்படித் தெரியல. சார்ட்ட சொல்லிடுவோம்.”

“சொன்னியன்னா உன் சங்காத்தமே வேண்டாம்.” உடையப்பன் அவன் கையை இறுக்கிப் பிடித்தார். “யோசிச்சுப் பாரு. இது டூட்டியில போட்டிருக்கு. அடின்னு சொன்னா யார்டு கணக்குல ஏறும். விபத்தே இல்லாததுக்குக் குடுத்த பரிசுல போயி விபத்து பண்ணிட்டு வந்தான் ஒருத்தன்னு ஊரே காறித் துப்பும். அடுத்த மாசம் எனக்கு விசா அடிப்பானா?”

லுக்மான் “அல்லாஹ்வே, என்ன மனுஷன்யா நீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் முதுகுப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

மீதித் தூரத்தை உடையப்பன் எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. விஜயபாஸ்கர் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் இவர் நின்று, இடுப்பில் கைவைத்து, மலையை ரசிப்பதுபோலப் பார்ப்பார். அவர் முன்னால் திரும்பியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு எட்டு. குளிரில் கால் மரத்திருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. குதிரைமேல் உட்கார்ந்துகொள்கிறாயா என்று ஜியோர்ஜி சைகையில் கேட்டான். அவன் என்னத்தைக் கண்டானோ. உடையப்பன் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஏரி வந்தது. பெரிய ஏரியெல்லாம் இல்லை, நம்மூர் ஊருணி அளவுதான். பாதித் தண்ணீர் நீலமாகத் திறந்து கிடந்தது; மீதிப் பாதியில் இன்னும் ஐஸ் மூடியிருந்தது. கரையெல்லாம் பனி. எதிரே வெள்ளை மலை அப்படியே தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. இந்தக் கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷமாகப் பார்த்திருப்போம் என்று உடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பாறையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

விஜயபாஸ்கர் பையிலிருந்து கம்பெனி பேனரை எடுத்து விரித்தார். விபத்தில்லா ஆண்டு என்று இங்கிலீஷில் பெரிதாகப் போட்டிருந்தது. “பெரிய சார் வீடியோ கேட்டிருக்காரு. பேனரைப் பிடிச்சுக்கிட்டு மூணு பேரும் ஒண்ணா மேல குதிக்கணும். ஆபீஸ்ல போட்டுக் காட்டப் போறாங்களாம்” என்றார்.

“குதிக்கிறதா? இந்தக் குளிர்லயா? சும்மா நின்னு எடுப்போம் சார்” என்றான் லுக்மான் அவசரமாக.

“எப்பா, குதிச்சாத்தானப்பா ஆளு நல்லாருக்கான்னு தெரியும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். உடையப்பனுக்கு அது விசா அதிகாரி சொன்னமாதிரி விழுந்தது. பேனரின் ஒரு முனையை வாங்கிப் பிடித்தார். லுக்மான் “அண்ணே, வேண்டாம்ணே” என்று பல்லுக்குள்ளேயே சொல்வது கேட்டது. ஒன்று, இரண்டு, மூணு. நல்ல காலில் உந்தி எழும்பினார். எழும்புவது சுலபம். இறங்கும்போது உடம்புக்கு எந்தக் காலில் இறங்குவது என்று யோசிக்க நேரம் இருக்கிறதா?

கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெளிந்தபோது பனிமேல் மல்லாந்து கிடந்தார். பேனர் மேலே போர்த்தியிருந்தது. விஜயபாஸ்கர் மண்டிபோட்டு அவர் ஷூ நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாக்ஸை உருவியதும் அஸ்கர் அலி “யா அல்லாஹ்” என்று பின்வாங்கினார். கணுக்கால் சுரைக்காயாக வீங்கிக் கறுத்துப்போயிருந்தது.

“இது இப்ப குதிச்சதுல ஆனது இல்லை. எப்பண்ணே ஆச்சு? எங்க ஆச்சு?”

உடையப்பன் வாயைத் திறந்தார். யோசிக்காமல், மனப்பாடப் பாட்டுமாதிரி வந்தது பதில். “நேத்து ராத்திரி டூட்டி முடிஞ்சு, கேம்ப் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்.”

பனி மலையின் நட்டநடுவில், ஐஸ் ஏரிக் கரையில் கிடந்துகொண்டு சொல்கிறார் மனுஷன்! முதலில் லுக்மான் சிரித்தான். சொன்னதை அவன் இந்தியில் சொன்னதும் அஸ்கர் அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த வலியிலும் உடையப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை. யார்டில் அடிபடுகிற ஒவ்வொருத்தனையும் ஆஸ்பத்திரிக்குள் விடும் முன், டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். கையில் ஷூவைப் பிடித்தபடி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு போனை எடுத்துப் பெரிய சாரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் இந்தியில் பொரிந்து தள்ளியது. டூட்டி என்று போட்டது சும்மா ஒரு இதுக்கு. சுற்றுலாவில் விழுந்தால் அது அவன் சொந்த விவகாரம். இந்த நாலு நாளையும் லீவாக மாற்றிவிடு. ஆஸ்பத்திரிச் செலவை அவனே பார்த்துக்கட்டும். கணக்கில் விபத்து ஏறக்கூடாது, கலாஸ், பேச்சு முடிந்தது.

விஜயபாஸ்கர் போனைக் கையால் பொத்திக்கொண்டு உடையப்பனைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கண்ணே. நான் இதை விபத்துன்னு எழுதுறேன். எழுதுனா என் வேலைக்கும் ஆபத்துதான், பரவால்ல. ஆனா உங்க விசாவுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. லீவுன்னு போகட்டும்னா அப்படியே விட்டுடறேன்.”

லுக்மான் கண்ணாலேயே கெஞ்சினான், லீவு என்று சொல்லிவிடுங்கள் என்று. உடையப்பனுக்கும் நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. தலையாட்டினால் முடிந்தது. எத்தனை வருஷம் ஆட்டிய தலை. காலைப் பார்த்தார். அது அவர் கால் மாதிரியே இல்லை, யாரோ ஒருத்தனுடையதைக் கொண்டுவந்து வைத்தமாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டா குதித்தோம்? அந்த ஆளுக்கு வீடியோ காட்டவா? திடீரென்று அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முதலில் தன்மேல்தான் ஏறியது.

“போனைக் குடுங்க சார்.”

வாங்கி, தனக்குத் தெரிந்த இந்தியில், யார்டில் கிரேனுக்குக் கத்துகிற அதே குரலில் சொன்னார். “சார், நான் ரிக்கர் உடையப்பன். என் கால் ஒடிஞ்சுபோச்சு. டூட்டியிலதான் ஒடிஞ்சது. பனியில விழுந்தேன், விழுந்ததை மறைச்சேன், நீங்க கேட்டீங்கன்னு குதிச்சேன். எழுதிக்கங்க.”

அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றான் லுக்மான்.

“தெரியல பாய்” என்றார் உடையப்பன். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. ராதிகாவுக்கு என்ன சொல்வது என்பதும் தெரியவில்லை.

ஜியோர்ஜி இரண்டு குச்சிகளை வைத்துக் காலைக் கட்டினான். நாலு பேருமாகத் தூக்கி அவரைக் குதிரைமேல் ஏற்றினார்கள். குதிரை முதல் அடி வைத்ததும் கால் ஆடியது. உடையப்பன் “ஐயோ அம்மா!” என்று மலையே கேட்கிற மாதிரி அலறினார். அலறிவிட்டு, பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டு விஜயபாஸ்கரைப் பார்த்தார்.

“கத்துங்கண்ணே” என்றார் விஜயபாஸ்கர். குதிரையின் கயிற்றை ஜியோர்ஜியிடமிருந்து அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். “நல்லாக் கத்துங்க.”

உடையப்பன் கீழே போய்ச் சேரும்வரை கத்திக்கொண்டே போனார்.