திரைக்கு இந்தப் பக்கம்

லாண்டரி மேஸ்திரி பாழாக்கிய துணி என்று ஒன்றைக்கூட யாரும் காட்ட முடியாது. பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். நாளுக்கு நானூறு விரிப்பு. எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்ற எட்டாம் மாதம், சொந்த வீட்டில், ஒரு குளியலறைத் திரையிடம் தோற்றுப்போனார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கியது அவசரத்தால். பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கும் மேஸ்திரியின் மனைவி ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் திரை வெளுத்து, பழைய கம்பியில் தொங்கியாக வேண்டும்.

இத்தனைக்கும் அந்த வீட்டுக்குத் திரையே தேவையில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால், பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்கு, மகள் கண்ணாடிக் கதவு வாங்கி மாட்டியிருந்தாள். "இனிமே குளிச்சிட்டு திரையை விரிச்சு விடுன்னு நீங்க யாரையும் விரட்ட வேண்டாம்பா. ஒரு துடை துடைச்சா வேலை முடிஞ்சுது" என்று சிரித்தாள். பழைய பகையை அப்படித் தீர்த்துக்கொண்டாள். சின்ன வயதில் அவள் குளித்துவிட்டுத் திரையை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு ஓடுவாள். மடிப்புக்குள் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்று மேஸ்திரி வீடே அதிரக் கத்துவார். சட்டம் போட்டது அவர். மாதம் ஒருமுறை அந்தத் திரையை இறக்கித் துவைத்தது என்னவோ அவர் மனைவிதான். உலகத்தில் பெரும்பாலான சட்டங்களின் கதை இதுதான்.

கண்ணாடி வந்த நாளோடு வீட்டில் பாட்டு நின்றுபோயிற்று. மேஸ்திரியின் துக்கம் அதுதான்.

அவர் மனைவி நாள் முழுக்கப் பேசுகிற ஆள். போனில் அவள் குரலைக் கேட்டாலே பாதி பல்வலி போய்விடும் என்று டாக்டரே சொல்வார். ஆனால் பாட்டு மட்டும் குளிக்கும்போதுதான். திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் மெல்லத் தொடங்குவாள். ஒரு பாட்டின் முதல் வரி, வேறொரு பாட்டின் இரண்டாம் வரி, மறந்த இடத்தில் வெறும் முணுமுணுப்பு. கல்யாணமான முதல் மாதம், "நல்லா பாடுறியே" என்று மேஸ்திரி வாயைக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் பாட்டே இல்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டார். முப்பது வருஷம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவள் குளிக்கிற நேரம் பார்த்து வாஷ்பேசின் முன்னால் ஷேவ் செய்ய வந்து நிற்பார். பத்து நிமிஷ ஷேவிங்கை அரைமணி ஆக்குவார். அதனால் எத்தனையோ நாள் ஹோட்டலுக்குத் தாமதமாகப் போய், பழியைப் பேருந்து மேல் போட்டிருக்கிறார். மேலாளர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஒரு பாட்டு முழுசாகக் கேட்ட நாளில் அவருக்கு எந்தத் திட்டும் உறைத்ததில்லை.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. முதல் நாள் காலை ரேஸரோடு உள்ளே போனவர், நாக்கைக் கடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த வயதில் வந்தது வெட்கம். அதன் பிறகு ஷேவிங் சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். திரை போனதும் அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். கேட்கவும் முடியாது. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியுமே. நான்கு மாதம் பொறுத்தார். வீடு வெறிச்சென்று இருந்தது, தாங்க முடியவில்லை.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பியதும் அலமாரி மேலிருந்து திரையை இறக்கினார். கழற்றிய கோபத்தில் ஈரத்தோடு சுருட்டிப் போட்டது அவரேதான். ஹோட்டலில் யாராவது இந்தக் காரியம் செய்திருந்தால் தோலை உரித்திருப்பார். பிரித்தால் குப்பென்று வாடை. பால் வெள்ளை பிளாஸ்டிக் முழுக்கக் கரும்புள்ளி, அடியோரத்தில் வழவழப்பு.

சோடா உப்பைக் குழைத்து பிரஷ்ஷால் தேய்த்தார். மேல்பாதி வெளுத்தது. அடிப்பக்கம் மசியவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியது. அப்போதுதான் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. விரிப்பில் கறை போகாவிட்டால் கொதிநீர். வேறு பேச்சே கிடையாது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து வாளியில் ஊற்றி, திரையின் அடிப்பக்கத்தை முக்கினார். பிளாஸ்டிக் துணியில்லை என்பது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. வெளியே எடுத்தபோது ஒன்றரை ஜாண் சுருங்கி, முறுக்கிக்கொண்டு நின்றது.

அதைக் கையில் பிடித்தபடி நிற்கும்போதே மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"சும்மாதான். பழைய சாமான், தூக்கிப் போடறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணலாம்னு..."

"தூக்கிப் போடற சாமானை யாராவது துவைப்பாங்களா? பொய் சொன்னா உங்க காது சிவந்துடும். கண்ணாடியில போய்ப் பாருங்க."

அவள் திரையை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"ஊருக்கெல்லாம் வெளுத்தீங்க. இதுக்குக் கொதிதண்ணியா? தள்ளுங்க."

இரண்டு பழைய டவலோடு திரையை வாஷிங் மெஷினில் போட்டாள். பச்சைத் தண்ணீர், ஒரு கரண்டி சோப்புத் தூள், ஒரு கை சோடா உப்பு. "டவல்தான் தேய்க்கும். பிழியக் கூடாது. ஈரமாவே மாட்டிடணும், சுருக்கம் தானா இறங்கும்" என்றாள். லாண்டரி மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

வெளியே வந்தபோது புள்ளிகள் போயிருந்தன. சுருங்கியது மட்டும் சுருங்கியதுதான். இருவருமாகப் பிடித்துக் கம்பியில் மாட்டினார்கள். அவருக்குக் கழற்ற மனம் வராமல் விட்ட கம்பி. அடியில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க. எதுக்கு இது?"

மேஸ்திரி வாஷ்பேசினைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டார்.

"நீ பாடறதே இல்ல. கண்ணாடி வந்ததிலேர்ந்து. உனக்குக் கூச்சமா இருக்குன்னு நெனச்சேன்."

நாள் முழுக்கப் பேசுகிற ஆள் பேசாமல் நின்றது அவருக்குப் பயமாக இருந்தது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் பாட மாட்டாள் என்று நினைத்தார்.

"எனக்கென்ன கூச்சம்?" என்றாள். "நீங்கதான் சமையலறைக்குப் போயிட்டீங்க."

"நானா?"

"பின்னே? உங்களுக்குப் பின்னாலதானே லைட்டு. திரையில உங்க நிழல் விழும். ஷேவ் பண்றவன் நிழல் கொஞ்சமாவது அசையணுமா இல்லையா? கையைத் தூக்கினபடி மரம் மாதிரி நிப்பீங்க. நான் நிறுத்தினாத்தான் கை அசையும். முதல் வருஷமே தெரியும் எனக்கு."

மேஸ்திரியின் காது இப்போது பொய் சொல்லாமலே சிவந்தது.

"அப்ப... தெரிஞ்சுதான் பாடினியா?"

"தண்ணிக்கா பாடினேன் முப்பது வருஷம்? நாலு மாசமா அந்தப் பக்கம் யாருமே இல்ல. உங்களுக்கு அலுத்துப் போச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்." அவள் கொடியிலிருந்து துண்டை உருவினாள். "நான் குளிக்கப் போறேன்."

"காலையிலதானே குளிச்சே?"

"அதனால என்ன?"

அவள் திரையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விரித்துவிட்டாள். கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. தண்ணீர் விழ ஆரம்பித்தது. மேஸ்திரி விளக்கைப் போட்டார். காலையில் வழித்த கன்னம் வழவழவென்று இருந்தது. அதன் மேல் பிரஷ்ஷால் நுரையை அள்ளிப் பூசிக்கொண்டு, ரேஸரைக் கையில் தூக்கினார்.