டிவியத் தூக்குனது யாரு

அது கோடையின் கடைசியா, இலையுதிர் காலம் தொடங்கிவிட்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஹோபர்ட்டின் பீர்க்கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது என்று ஒரு ஞாபகம். ஆர்லிஸ் கோம்ப்ஸ் தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தான் என்று இன்னொரு ஞாபகம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அன்று கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆர்லிஸே பிறகு ஒருவரிடம் சொன்னதும் இதில் கலந்திருக்கிறது. வார்த்தைகள் முன்னே பின்னே இருக்கலாம். நடந்தது நடந்ததுதான்.

ஓஹாயோவின் அந்த ஆலை ஊரில், கென்டக்கி மலைகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த அந்தத் தெருவில், ஆர்லிஸ் கடைசியாகக் கால் வைத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. இப்போது திரும்பி வந்ததற்குக் காரணம் அவன் மகள் நோலா. அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். சர்ச்சில் தன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் விட அப்பா வேண்டும் என்று போனில் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"அம்மா ஹோபர்ட் கடைல பாடுற அந்தப் பாட்ட நிறுத்தணும்ப்பா. மொத்தமா நிறுத்த வேணாம், உங்க பேர எடுத்துட்டாப் போதும். நாம நடந்து போறப்ப எவனாவது ஒருத்தன் அத மெதுவா முனகினாக்கூட நான் அங்கயே உக்காந்துருவேன். அப்படின்னா நீங்க வரவே வேணாம்."

"நீயே கேக்கலாமேம்மா?"

"நான் கேட்டா சிரிக்கிறாங்க. நீங்க கேளுங்க."

அவன் "சரிம்மா" என்றான்.

ஹோபர்ட் கடை மாறவில்லை. முக்காலிகளின் கிழிசலில் ஒட்டுநாடா மேல் ஒட்டுநாடா. கலங்கிய வினிகரில் முட்டைகள் மிதக்கும் ஜாடி. பீரும் பினாயிலும் ஈர நாயும் சேர்ந்த நாற்றம். பீர் கிரேட்டுகளை அடுக்கி, மேலே பழைய கதவுகள் இரண்டைப் போட்டு ஆணியடித்ததுதான் மேடை. ட்ரம்காரன் மிதிக்கும்போதெல்லாம் ஒரு கதவின் கைப்பிடி கிடந்து ஆடும். கவுண்டருக்கு மேலே பலகையில் ஒரு டிவி, சத்தமில்லாமல் பேஸ்பால் காட்டிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. முதல் ஷிப்ட் விட்டதும் ஆலைக்கூட்டம் அழுக்குச் சட்டையோடே வந்து அடைந்திருந்தது.

தாடி வளர்ந்து, உடம்பு வற்றியிருந்த ஆர்லிஸை ஹோபர்ட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். ஆர்லிஸுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு ஏனோ உறுத்தியது.

"ஊருக்குப் புதுசாப்பா?" என்றான் பக்கத்து முக்காலிக்காரன். உலைச்சூட்டில் கழுத்தெல்லாம் சிவந்து தடித்த பெரிய உடம்பு. பெயர் ரூபஸ் என்று அவனே சொன்னான்.

"இண்டியானா."

"அங்க பாட்டெல்லாம் உண்டா, இல்ல சோளம் மட்டும்தானா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு ஆர்லிஸின் தோளில் ஓர் அடி அடித்தான். "வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்திருக்கியே, குடுத்துவெச்சவன்தான். வெர்னா பாட்டு கேட்டதில்லல்ல? பாட்டிலக் காலி பண்ணிடாத. பாதி இருக்கணும். காலிப் பாட்டில் கீச்சுனு கேக்கும். பாதி இருந்தாத்தான் மேசைல கனமா விழும். நான் சொல்றேன் பாரு."

ரூபஸ் குரலைத் தாழ்த்திப் பாடிக் காட்டினான்.

"வீடு எரியுது, வாசல் எரியுது,
வெளிய வர்றது யாரு?
பொண்டாட்டி உள்ள, புள்ளயும் உள்ள,
டிவியத் தூக்குனது யாரு?"

"இங்க அவ நிறுத்திருவா. நாமதான் சொல்லணும். மூணு அடி, அப்பறம் பேரு. எங்க, செய்."

ஆர்லிஸ் பாட்டிலை மூன்று முறை தட்டினான்.

"வாயத் தொறப்பா! பேரு ஆர்லிஸ்."

"ஆர்லிஸ்" என்றான் ஆர்லிஸ்.

"என்னய்யா, எழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்ற! அடிவயித்துலேர்ந்து வரணும்." பிறகு ரகசியம்போலச் சாய்ந்தான். "நெசமா நடந்தது தெரியுமா? அவ புருஷன்தான் அந்த ஆர்லிஸ். வீடு பத்தி எரியுது, அவன் டிவியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டான்! அவ புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வர்றா. அந்தப் புள்ளயத்தான் என் பையன் வர்ற சனிக்கிழமை கட்டப்போறான்."

ஆர்லிஸ் பீரை ஒரு வாய் குடித்தான்.

"அந்தாளு கல்யாணத்துக்கு வர்றானாம். வரட்டும். பழைய டிவி ஒண்ணுக்கு ரிப்பன் கட்டி கார் டிக்கில வெச்சிருக்கேன். சர்ச் வாசல்லயே கையில குடுத்துருவோம்ல!" ரூபஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தப்பா நெனைக்காத, அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பாத்ததுகூட இல்ல. அவன் இல்லேன்னா இந்தக் கடைக்கு வெள்ளிக்கிழமையே ஏது?"

மேடையில் வெர்னா பாடிக்கொண்டிருந்தாள். குரலில் சரளை விழுந்திருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. மைக்கை இடது கையில் பிடித்திருந்தாள். அந்த உள்ளங்கைத் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. விரல்கள் முழுதாக விரியாது. ஒரு காலத்தில் அவள் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவாள். தீக்குள் திரும்பிப் போய்ப் பிள்ளையை எடுத்து வந்த கை அது. பாட்டில் அந்தக் கையைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இடைவேளையில் அவள் பின்கதவு வழியாகப் போனாள். ஆர்லிஸும் போனான். குப்பை டிரம்களுக்கு நடுவே சாய்ந்த வெயிலில் நின்று சிகரெட் பற்றவைத்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"தாடி உனக்கு நல்லால்ல."

அவன் நின்றான்.

"நோலா அனுப்புனாளா?"

"நானாத்தான் வந்தேன்."

"பொய் சொல்றப்ப இன்னும் தொண்டையத் தடவுற."

அவன் கையை இறக்கிக்கொண்டான். வந்த காரியத்தைச் சொன்னான். பெயரை மட்டும் எடுத்துவிடு, கல்யாணம் முடியும்வரையாவது எடுத்துவிடு என்றான். ரூபஸ் டிக்கியில் வைத்திருப்பதையும் சொன்னான்.

"பேரு இல்லாம அதுல என்ன இருக்கு? இவனுங்களுக்குக் கத்த ஒண்ணு வேணும். கத்தலேன்னா குடிக்க மாட்டானுங்க. குடிக்கலேன்னா ஹோபர்ட் வேற ஒருத்தியக் கூட்டியாந்துருவான்." புகையை விட்டாள். "பதினஞ்சு வருஷம். ஒரு தடவகூட ஏன்னு நீ சொல்லலியே."

உள்ளே யாரோ பிடிலுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நின்றது, மறுபடி வந்தது.

ஆர்லிஸ் சொன்னான். அதுவரை யாரிடமும் சொல்லாதது. "நீ சமையக்கட்டுலேர்ந்து கத்தின. பாப்பாவ எடுன்னு. புகையில ஒண்ணும் தெரியல. அவ டிவி முன்னாடிதான் தூங்குவா. கையால தடவினேன். போர்வை தட்டுப்பட்டுச்சு. உள்ள சூடா இருந்துச்சு. கனமும் அவ கனம்தான். அள்ளிக்கிட்டு ஓடினேன். ஒயர் அந்து வந்ததுகூடத் தெரியல. வெளிய பனியில வெச்சுப் பிரிச்சப்பத்தான்..." நிறுத்தினான். "அவ போர்வையப் போத்தி டிவியக் கூடாரம் பண்ணி வெளையாடியிருக்கா. அப்படித்தான் எனக்கு ஞாபகம்."

அப்படித்தானா என்று அவனுக்கே தெரியாத இரவுகள் உண்டு. அதைச் சொல்லவில்லை.

"முயல் போட்ட போர்வையா?"

"ஆமா."

"சூடா இருந்துச்சா?"

"ம்."

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் ஒருமுறை அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தான். சிகரெட் சாம்பல் அவன் சட்டைக்கையில் விழுந்திருந்தது. விரியாத விரல்களால் அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"சரி, பேர எடுத்துடறேன். உள்ள போய் உக்காரு."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வாங்க வேண்டிய கோட்டு, முடி வெட்டிக்கொள்ள வேண்டியது, எல்லாம் மனதில் ஓடின.

கடைசிப் பாட்டாக அது வந்தது. முதல் அடியிலேயே கடை மொத்தமும் எழுந்துவிட்டது. அவள் பாடி, அந்த இடத்தில் நிறுத்தினாள். மூன்று அடி விழுந்தது. "ஆர்லிஸ்!" முட்டை ஜாடி அதிர்ந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "இன்னிக்குப் பேரு வேணாம்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு இதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். மறுபடி பாடினாள். முன்னைவிடச் சத்தமாக "ஆர்லிஸ்!" மூன்றாம் முறை அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"என்ன வெர்னா, புருஷன் மேல பாசம் வந்துருச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். இன்னொருவன் பாட்டிலைத் தரையில் உருட்டினான். "பாடுன்னா பாடு, இல்லேன்னா எறங்கு!" கவுண்டரில் ஹோபர்ட் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

வெர்னா ஹோபர்ட்டைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். ட்ரம்காரன் தாளத்தை விடாமல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடித் திறந்து, இதுவரை அந்தக் கடையில் யாரும் கேட்டிராத ஒன்றைப் பாடினாள்.

"தொட்டுப் பாத்தானாம், சூடா இருந்துச்சாம்,
தூங்குற புள்ளன்னு நெனச்சானாம்,
பனியில வெச்சுப் போர்வ மேலயே
முத்தமும் ஒண்ணு குடுத்தானாம்!"

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கடை சிரித்தது. சிரித்தவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ இருமி இருமித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் பெயரைச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்.

முத்தத்தை ஆர்லிஸ் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. போர்வையைப் பிரிக்கும் முன் அவன் குனிந்து முத்தமிட்டது உண்மை. பார்க்காமலே அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"புள்ளன்னு நெனச்சு! ஐயோ, முடியல!" ரூபஸ் கண்ணீரோடு இவன் பக்கம் திரும்பினான், சேர்ந்து சிரிக்க ஆள் தேடி. ஆர்லிஸ் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து வெர்னாவின் பார்வை நேராக இங்கேதான் இருந்தது. ரூபஸ் அவளைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். வருங்கால மருமகளின் மூக்கு இந்தத் தாடிக்கு மேலே இருந்தது.

"அடப்பாவி" என்றான் மெதுவாக. பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி: "டேய்! இவன்தான்டா! ஆர்லிஸ்டா! சம்பந்தி!"

அடிப்பார்கள் என்று ஆர்லிஸ் நினைத்தான். அடிக்கவில்லை. கட்டிப்பிடித்தார்கள். ஆளுக்கொரு பாட்டிலை அவன் கையில் திணித்தார்கள். ஒரு பெண் அவன் தாடியைப் பிடித்து முத்தமிட்டாள். பதினைந்து வருடமாகக் கூப்பிட்ட ஆள் வந்துவிட்டான் என்று அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஹோபர்ட்தான் பலகையிலிருந்து டிவியை இறக்கினான். பேஸ்பால் அணைந்தது. யாரோ ஒரு கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார்கள்.

"தூக்கு! தூக்கு!"

"நான் கெளம்பறேன்ப்பா" என்றான் ஆர்லிஸ். யார் காதிலும் விழவில்லை. டிவியை அவன் மார்பில் வைத்து இரண்டு கைகளையும் சுற்றிப் பிடிக்கவைத்தார்கள். மாலையெல்லாம் ஓடிய டிவி. கோட்டுக்குள்ளே சூடாக இருந்தது.

இருபுறமும் எழுந்து நின்று, கதவுவரை நடுவில் வழி விட்டார்கள். ரூபஸ் அவன் முழங்கையைக் கோர்த்துக்கொண்டான். "அடுத்த வாரம் நடக்க வேண்டியத இன்னிக்கே ஒத்திகை பாத்துருவோம் சம்பந்தி! ஓடக் கூடாது. மெதுவா. பொண்ணு வர்ற மாதிரி."

பிடில்காரன் பாட்டை இழுத்து நிதானமாக வாசித்தான். ஆர்லிஸ் நடந்தான். போட்டு உடைத்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கைகள் தாமாகவே இறுகிக்கொண்டன. வழியில் கிடந்த பாட்டிலைப் பார்த்துத் தாண்டிக் கால் வைத்தான். அந்தக் கவனத்தைக் கண்டுதான் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். வாசலுக்கு வெளியே குனிந்து, திரைப்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி டிவியை மெல்ல வைத்தான். கோட்டை இழுத்துச் சரியாக மூடினான். நிமிர்ந்தபோது உள்ளே அடுத்த சுற்றுத் தொடங்கிவிட்டது.

அன்றைக்கே நோலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

நோலா சர்ச்சில் தனியாக நடந்தாள். யாரும் முனகவில்லை. ரூபஸ் ரிப்பன் கட்டிய டிவியை மணமக்களுக்கே கொடுத்துவிட்டான். பல வருடம் அது நன்றாக ஓடியது. புதிய சரணத்தோடு வெர்னா அந்தப் பாட்டை ஆலை மூடும்வரை பாடினாள். ஆலை போனதும் கடையும் போனது. பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், காது கேட்பதில்லை. ஹோபர்ட் கல்லீரல் கெட்டுச் செத்தான். ஆர்லிஸ் இண்டியானாவில் ஒரு தானியக் கிடங்கில் காவல் வேலை பார்த்து, ஒரு குளிர்காலத்தில் வாடகை அறையில் இறந்தான். செய்தி நோலாவுக்குப் போக ஒரு மாதம் ஆனது. அதற்குள் புதைத்துவிட்டார்கள்.