பயிற்சி முடியாத கொட்டகை

விடிவதற்கு முன்பே ஈரத்துணியும் கையுமாய் நிற்போம். தையல் மிஷினைத் துடைக்காமல் உட்கார முடியாது. ராத்திரியெல்லாம் கூரையிலிருந்து பஞ்சு உதிர்ந்து பலகை, நாற்காலி, விளக்கு எல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ஆந்திர எல்லை ஊரான நகரிக்கு வெளியே உள்ள இந்தக் கொட்டகையில் நூல் நூற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பஞ்சாலை போயிற்று, அதன் மிஷின்கள் பழைய இரும்பாய்ப் போயின. பஞ்சு மட்டும் இன்னும் உதிர்கிறது. எங்கிருந்துதான் வருகிறதோ, அந்தச் சனியன்!

துடைக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். இந்த ஆலையில் வேலை செய்து, இந்தப் பஞ்சை நெஞ்சுக்குள் வாங்கித்தான் என் நைனா இருமி இருமிச் செத்தார். மிஷின் சத்தம் எழாத அந்தக் கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசைப் பக்கம் யாரோ இருமுவது கேட்கும். எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் கேட்கும். ஒருத்தியும் திரும்பிப் பார்க்க மாட்டாள். சட்டென்று ஸ்விட்சைப் போட்டுவிடுவோம்.

"கன்னிகாக்கா, உங்க நைனா இன்னிக்கும் என் காலர் மேலயே இருமிட்டார், பாரு" என்பாள் பக்கத்து மிஷின் உதயா. முதுகில் ஒன்று வைப்பேன். அவள் சிரிப்பாள். அவளால்தான் அந்த இடத்தில் சிரிக்க முடியும்.

நாங்கள் இங்கே தொழிலாளிகள் என்று சொல்லக் கூடாது. பயிற்சி மாணவிகள். செத்த ஊருக்கு உயிர் கொடுக்க வந்த ஸ்கில் சென்டராம், வாசலில் போர்டு சொல்கிறது. நான் காலர் தைக்கக் கற்றேன். மேடை போட்டு, சால்வை போர்த்தி சர்டிபிகேட் கொடுத்தார்கள். மறுவாரமே பாக்கெட் கோர்ஸில் சேர்த்தார்கள். அப்புறம் பட்டன். பட்டன் முடிந்ததும் மறுபடி காலர்! என் மகள் பள்ளிக்கூடம் முடித்தே விட்டாள், என் படிப்புக்குத்தான் முடிவில்லை. நாங்கள் பழகிப் பார்த்த சட்டைகளெல்லாம் லாரி லாரியாகத் துறைமுகம் போயின.

அன்றைக்குத் துணி வெட்டுகிற ஆள் வரவில்லை. உதயாவை அங்கே அனுப்பினார்கள். அடுக்கிய துணியை அறுக்கும் கரண்டுக் கத்தி அது, ஓடினால் கண்ணுக்கே தெரியாது. துணியைப் பிடிக்கும் கைக்கு இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். மாணவிக்கு எதற்குக் கையுறை?

உதயா பவர்லூம் வீட்டுப் பெண். எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஓடும் தறியை நிறுத்தினால் துணியில் கோடு விழும். அதனால் இழை அறுந்தால் தறி ஓடும்போதே விரலை விட்டு நுனியைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். கத்திக்கு முன்னால் ஒரு நூல் சுருண்டு நின்றதைப் பார்த்திருக்கிறாள். கை போய்விட்டது.

"அய்யோ, துணி கெட்டுப்பூடுச்சே அக்கா!" என்றாள். ரெண்டு விரல் தரையில் கிடக்கிறது, பாவி, துணிக்கு அழுகிறாள்.

கம்பெனி வேன் அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிற்று. மத்தியானம் முதலாளி தனசேகர் வந்தார். திருப்பதிக்காரர், பாதி தெலுங்கில் பேசுவார்.

"சூடம்மா, பாரும்மா, நடந்தது நடந்துபோச்சு. ஸ்டூடண்டுக்கு இன்சூரன்ஸெல்லாம் கிடையாது. இங்க அடிபட்டுச்சுன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த வாரம் முதலீடு போடறவங்க வர்றாங்க. பக்கத்துக் கொட்டகையும் திறந்துடுவோம். உங்க பொண்ணுங்களுக்கும் உத்தியோகம்."

"எங்களுக்கே இன்னும் உத்தியோகம் வரலியே சார்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க நைனா பழைய சங்கத்துல இருந்தவர்தானே? ஸ்ட்ரைக் பண்ணி ஒரு மில்லை மூடினாங்க. நீ இதையும் மூடப் போறியா?"

அவ்வளவுதான். மில்லைக் கெடுத்த குடும்பம் என்று ஊர் எங்களை ஏசிய ஏச்சு கொஞ்சமா நஞ்சமா! கடைசி வரிசை இருமலைவிட அந்தப் பேச்சுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். நான் உட்கார்ந்து மிஷின் ஸ்விட்சைப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது உதயா போன் செய்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வீட்ல மாங்கா அறுக்கச்சே அருவாமணை வெட்டிச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க யாரும் பயப்படாதீங்க. சென்டரை மூட மாட்டாங்க."

ஆட்டோவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விரலைக் கொடுத்தவள் எங்கள் வேலைக்காகப் பொய்யும் சொல்லியிருக்கிறாள். தூ, நாங்களும் மனுஷிகளா!

ருக்மணியக்காதான் பேசினாள். அவள் வீட்டுக்காரர் அந்தப் பழைய ஸ்ட்ரைக்கில் முன்னால் நின்றவர். "ஸ்ட்ரைக் பண்ணது தப்பில்லடி. எல்லாரும் கேட்டுக்கு வெளிய போய் நின்னாங்க பாரு, அதான் தப்பு. வெளிய போனதும் பூட்டிட்டான். அதுக்கப்புறம் எவன் தொறந்தான்?"

"அப்ப நாம வெளிய போவ வேணாம்" என்றேன்.

மறுநாள் வழக்கம்போல் துடைத்தோம், உட்கார்ந்தோம். யாரும் ஸ்விட்சைப் போடவில்லை. அந்த அமைதியில் இருமல் வெகுநேரம் கேட்டது. இந்தத் தடவை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. இருமல் நிற்கவும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

தனசேகர் ஓடி வந்தார். "ஏமி காவாலி? என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உதயா உங்ககிட்ட வேலை செய்யறவ, வேலையிலதான் விரல் போச்சுன்னு நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லணும். எங்களையும் வேலைக்காரங்கன்னு எழுதணும்."

"முடியாது. வேலை செய்யலன்னா வீட்டுக்குப் போங்க."

"போவல."

"கொட்டகையைப் பூட்டிடுவேன்!"

"பூட்டுங்க சார்" என்றாள் ருக்மணியக்கா. "நாங்க உள்ளதான கீறோம்."

"முதலீடு போடறவங்க இதைப் பார்த்தா ஓடிடுவாங்க. ஊரு நாசமாப் போவும்."

"வரட்டும் சார். மிஷின்ல கை வெக்கறது யாருன்னு அவங்களும் பாக்கட்டும்" என்றேன். ஊர் ஏசிய ஏச்சு காதில் கேட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வெளியே சங்கிலி இழுபட்டது, பூட்டு விழுந்தது. ரெண்டு மூன்று பேர் அழுதார்கள். தரணிக்கு வீட்டில் கைக்குழந்தை, மார்பில் பால் கட்டிக்கொண்டு துடித்தாள். நான்தான் இவர்களைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் தோன்றியது. பகல் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தோம்.

சாயந்திர ஷிஃப்டு நேரத்துக்குப் பூட்டு திறந்தது. "எழுந்திருங்க. வேலை செய்ய ஆள் வந்துட்டாங்க" என்றார் தனசேகர். அவருக்குப் பின்னால் ரெண்டாம் ஷிஃப்டுப் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். அவர்கள் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது.

மோகனப்ரியா முதலில் உள்ளே வந்தாள். தினமும் உதயா எழுந்ததும் அந்த மிஷினில் உட்காருபவள் அவள்தான். இன்று இடுப்பில் தரணியின் குழந்தை. அதைத் தாயின் மடியில் போட்டாள். காலியாக இருந்த உதயாவின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் காலடியில், சிமெண்டுத் தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மோகனா, நீ இன்னா பண்றே?" என்று தனசேகர் கத்தினார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முழங்காலைத் தட்டினாள்.

"காலை மடக்குக்கா. பின்னால இன்னும் வந்துக்கினு கீறாங்க, எடம் வாணாவா?"